நடுவர் சேதுவின் குதிகால்

லோரி எடைமேடையில் ஏறி நின்றுவிட்டது. ஓட்டுநர் இரண்டு தடவை ஹாரன் அடித்தும் பார்த்துவிட்டார். கண்ணாடிச் சன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்க வேண்டிய சேது, வெளியே வாசற்படியின் விளிம்பில் முன்பாதங்களை மட்டும் ஊன்றி நின்றுகொண்டிருக்கிறார். குதிகால்கள் இரண்டும் படிக்கு வெளியே அந்தரத்தில் இருக்கின்றன. விரல்களுக்கு அடியில் ஒரு துண்டைச் சுருட்டி வைத்திருக்கிறார். மூன்று எண்ணியபடி மெல்ல எழும்புகிறார். இரண்டு எண்ணும்வரை மேலேயே நிற்கிறார். மறுபடி மூன்று எண்ணிக் கீழே இறங்குகிறார்.

ஓட்டுநர் தலையை வெளியே நீட்டுகிறார். "அண்ணே, பழம் அழுவிரும் லா!"

சேது திரும்பிப் பார்க்கவில்லை. உள்ளங்கையை மட்டும் உயர்த்திக் காட்டுகிறார். "இன்னும் மூணு இருக்கு. பன்னண்டுன்னா பன்னண்டு."

அந்தக் கை உயர்ந்துவிட்டால் மறுபேச்சு இல்லை என்பது கோலசிலாங்கூர் வட்டாரத்தில் காற்பந்து ஆடிய எல்லாருக்கும் தெரியும். ஓட்டுநரும் ஒரு காலத்தில் ஆடியவர்தான். ஹாரனிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

இதைத் தன் கண்ணால் பார்த்தவள் லோகேஸ்வரி. கோலசிலாங்கூர் பட்டணத்தில் கடை வரிசையின் மாடியில் இருக்கும் சிறிய உடற்பயிற்சி சிகிச்சை நிலையத்தில் ஆறு வருடமாக வேலை பார்ப்பவள். சேது மறந்து வைத்துவிட்டுப் போன குதிகால் மெத்தைகளைக் கொடுத்துவிட்டுப் போகலாம் என்று புக்கிட் ரோத்தானில் உள்ள செம்பனை எண்ணெய் ஆலையின் வாசலில் காரை நிறுத்தியிருந்தாள். அவளிடம் வலியோடு வருகிறவர்களில் பத்துக்கு எட்டுப் பேர் இரண்டே வாரத்தில் பயிற்சியை விட்டுவிடுவார்கள். நேரமில்லை, வேலை அதிகம், வீட்டில் விருந்தாளி என்று காரணம் சொல்வார்கள். இருபது டன் லோரியை நிறுத்தி வைத்துவிட்டு ஒருவர் குதிகாலை உயர்த்தி இறக்குவதை அவள் அன்றுதான் பார்த்தாள்.

சேதுவுக்கு நாற்பத்தொன்பது வயது. ஒல்லியான கழுத்து, கொஞ்சம் முன்னுக்கு மடிந்த காதுகள், வெயிலில் காய்ந்து இறுகிய கெண்டைக்கால்கள். இரண்டு மணிக்கட்டிலும் கைக்கடிகாரம் கட்டியிருப்பார். ஒன்று ஆட்ட நேரத்துக்கு, மற்றொன்று காயம்பட்டு ஆட்டம் நின்றுபோகும் நேரத்துக்கு. பகலில் ஆலையின் எடைமேடையில் கணக்கு எழுதும் கிராணி. லோரி உள்ளே வரும்போது ஒரு எடை, வெளியே போகும்போது ஒரு எடை. மாலைகளிலும் வார இறுதிகளிலும் பத்தொன்பது வருடமாகத் தோட்டப்புறக் காற்பந்து ஆட்டங்களுக்கு நடுவர். சுற்றுவட்டாரத்தில் 'ரெஃப்ரி சேது' என்றால்தான் தெரியும். மனைவி மாலாவும் கோபம் வந்தால் அப்படித்தான் அழைப்பார். "ரெஃப்ரி சார், சோறு ஆறிப்போவுது. விசில் அடிச்சாத்தான் வருவீங்களா?"

ஆட்ட நாளில் எந்த அணியின் கூடாரத்திலும் அவர் பச்சைத் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை. வீட்டில் காய்ச்சிய பார்லித் தண்ணீரைப் போத்தலில் கொண்டுபோவார். ஆட்டம் நடக்கும் ஊரில் உறவுக்காரர் வீடு இருந்தால், ஆட்டம் முடியும்வரை அந்தத் தெருப்பக்கமே போகமாட்டார். ஒருமுறை மாலாவின் சொந்தத் தம்பிக்கே சிவப்பு அட்டை காட்டி வெளியே அனுப்பியிருக்கிறார். இரண்டு வாரம் மாலா அவரோடு பேசவில்லை. அதைப் பற்றி யாராவது கேட்டால் இப்போதும் அதே பதில்தான்: "கண்ணு பாத்துச்சு, கை தூக்குச்சு. நடுவுல நான் யாரு?"

அவர் முதன்முதலாக லோகேஸ்வரியிடம் வந்த அன்று இதெல்லாம் அவளுக்குத் தெரியாது. மாடிப்படியில் பக்கவாட்டாக, ஒரு கையால் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக ஏறி வந்த ஓர் ஆளைத்தான் பார்த்தாள். வலதுகால் படியில் பதியும்போதெல்லாம் அவர் உதட்டை உள்ளுக்கு மடித்துக்கொண்டார்.

"காலையில கட்டில்லேருந்து கால கீழ வச்சா, யாரோ தரைக்கு அடியிலேருந்து ஆணிய மேல அடிக்கிற மாரி இருக்கும்மா. பத்து அடி நடந்தா கொஞ்சம் கொறையும். அதான் இத்தன நாளு ஏமாந்துட்டேன்."

மாலா செங்கல்லைச் சுடவைத்து, அதன்மேல் கோயிலுக்குப் பின்னால் பறித்துவந்த எருக்க இலையை வைத்து, ஒத்தடம் கொடுத்துப் பார்த்திருக்கிறார். இவர் சப்பாத்துக்குள் பஞ்சை வெட்டி வைத்து ஓடியிருக்கிறார். கிளினிக்கில் எலும்பில் முள் வளர்ந்திருக்கிறது என்று சொல்லிக் குதிகாலில் ஊசி போட்டு, கட்டாயம் ஓய்வு எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். ஒரே வாரத்தில் வலி போய்விட்டது. வலி போனதும் ஓய்வையும் மறந்துவிட்டார். ஆறு வாரம் கழித்து வலி இரண்டு மடங்காகத் திரும்பி வந்தது.

லோகேஸ்வரி எக்ஸ்ரே படத்தைக் கணினித் திரையில் போட்டாள். குதிகால் எலும்பின் அடியில், முன்பக்கம் பார்த்து, ரோஜாச் செடியின் முள்போல் ஒரு சின்ன நீட்டம் தெரிந்தது. சேது விரலை நீட்டினார். "இந்தா, இவந்தான் ஆளு. இத அறுத்து எடுத்துட்டா முடிஞ்சிச்சில்ல?"

"அங்கிள், இடது காலு வலிக்குதா?"

"இல்லியே. அது நல்லாத்தான் இருக்கு."

அவள் அடுத்த படத்தைப் போட்டாள். "இது உங்க இடது காலு. பாருங்க, இதுலயும் முள்ளு இருக்கு. வலதவிடக் கொஞ்சம் பெருசுகூட."

சேது எழுந்து திரைக்கு அருகில் போனார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். இரண்டு படங்களையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். ஆலையில் எடைமுள் நிலைகொள்ளும்வரை காத்திருப்பாரே, அந்தப் பொறுமையோடு பார்த்தார்.

"அப்ப முள்ளு குத்தல?"

"குத்தல அங்கிள். முள்ளு இருந்தும் வலியே இல்லாதவங்க நெறையப் பேரு இருக்காங்க."

"ரெண்டு வருசமா இதத்தாம்மா திட்டிக்கிட்டு இருந்தேன்." குரல் தாழ்ந்துவிட்டது. "சும்மா இருந்தவனுக்கு அட்ட காட்டியிருக்கேன்."

லோகேஸ்வரி அவருடைய பாதத்தைத் தன் மடிமேல் தூக்கி வைத்துக்கொண்டு, குதிகாலிலிருந்து விரல்வரை கட்டைவிரலால் ஒரு கோடு இழுத்தாள். "இங்கேருந்து இங்க வரைக்கும் தடிச்ச பட்ட ஒண்ணு போவுது, வில்லுக்கு நாண் கட்டின மாரி. நீங்க அடி எடுத்து வைக்கிறப்பல்லாம் அதுதான் உங்க பாரத்தத் தாங்கி இழுபடுது. அது குதிகால்ல ஒட்டியிருக்கிற எடம் நைஞ்சு போயிருக்கு. தூங்கும்போது காலு சும்மா கெடக்கா, அது சுருங்கிக்கும். காலையில மொத அடி வச்சதும் வெடுக்குன்னு இழுபடும். அதுதான் உங்க ஆணி."

"அப்ப எலும்பு ஏன் வளந்துச்சு?"

"வருசக்கணக்கா ஒரே எடத்துல அழுத்தமும் இழுப்பும் விழுந்தா, ஒடம்பு அங்க கொஞ்சங் கொஞ்சமா எலும்பு வச்சுப் பூசிக்கும்."

"யாரும் சொல்லாமயேவா?"

"யாரும் சொல்லாமயேதான்."

சேது தன் குதிகாலைக் கையால் பிடித்துப் பார்த்தார். ஓர் ஆட்டத்துக்கு எட்டு ஒன்பது கிலோமீட்டர் ஓட்டம். பத்தொன்பது வருடம். எத்தனை திடல், எத்தனை வெயில், எத்தனை மழை. இவர் ஊதிக்கொண்டும் ஓடிக்கொண்டும் இருந்தபோது, தோலுக்கு உள்ளே ஒரு வேலையாள் யாரிடமும் சொல்லாமல் எலும்பை அரைத்து அரைத்துப் பூசிக்கொண்டிருந்திருக்கிறான். இந்த விளக்கத்தை வாரத்துக்கு நான்கு முறையாவது ஒப்பிக்கிறவள் லோகேஸ்வரி. எதிரே ஒருவர் வாயடைத்து உட்கார்ந்திருப்பதைப் பார்த்தபோதுதான், தான் சொல்லிக்கொண்டிருந்தது எவ்வளவு பெரிய விஷயம் என்று அவளுக்கே உறைத்தது.

செய்ய வேண்டியதைச் சொன்னாள். மூன்று மாதத்துக்கு ஓடக்கூடாது. வெறுங்காலோடு சிமெண்டுத் தரையில் நடக்கவே கூடாது, வீட்டுக்குள்ளும் குதிகால் உயர்ந்த மெத்தென்ற செருப்பு வேண்டும். காலையில் கட்டிலை விட்டு இறங்கும் முன்னால், துண்டை முன்பாதத்தில் மாட்டித் தன் பக்கம் இழுக்க வேண்டும். சுவரில் கையூன்றிக் கெண்டைக்காலை நீட்டி முப்பது வினாடி நிற்க வேண்டும். ஐஸ் கட்டின போத்தலைப் பாதத்துக்கு அடியில் உருட்ட வேண்டும். ஒருநாள் விட்டு ஒருநாள் படிப் பயிற்சி.

"எவ்வளவு நாளும்மா?"

"ஆறு மாசம். ஒரு வருசங்கூட ஆவலாம்."

இந்த இடத்தில்தான் முக்கால்வாசிப் பேர் வேறு ஊசி உண்டா என்று கேட்பார்கள். சேது கேட்ட கேள்வி வேறு. "முப்பது செகண்டுன்னா, கால நீட்ட ஆரம்பிச்சதுலேருந்தா, இழுப்பு தெரிஞ்சதுலேருந்தா?"

ஆறு வருடத்தில் அந்தக் கேள்வியை ஒருவரும் அவளிடம் கேட்டதில்லை. அவள் யோசித்துத்தான் சொல்ல வேண்டியிருந்தது. "இழுப்பு தெரிஞ்சதுலேருந்து."

சேது இடது மணிக்கட்டுக் கடிகாரத்தைத் திருகிச் சரிசெய்துகொண்டார்.

அடுத்த வாரமே மாலா தொலைபேசியில் அழைத்தார். "என்னம்மா பண்ணி வச்சிருக்க? ஐஸ்பொட்டியில மீன் வைக்க எடமில்ல, எல்லாம் போத்தல். எப்பப் பாரு சொவத்தத் தள்ளிக்கிட்டு நிக்கிறாரு. வீட்ட நகத்தி வைக்கப் போறீங்களான்னு கேட்டுட்டேன்." நடுவில் தொலைபேசி அடித்து, எண்ணிக்கை இருபதில் நின்றுபோனால், மறுபடி சுழியத்திலிருந்து ஆரம்பிக்கிறாராம். "இருவது எப்பிடி முப்பது ஆவும்னு என்னையே கேக்குறாரு."

மூன்றாவது மாதத்தில் சரண் வந்தான். இருபத்துநான்கு வயது, ஈஜோக் தோட்ட அணியின் கோல் கீப்பர். முழங்காலைத் திருகிக்கொண்டு வந்திருந்தான். திரைச்சீலைக்கு அந்தப் பக்கம் சுவரைத் தள்ளிக்கொண்டு நின்ற ஆளைப் பார்த்ததும் அவன் முகம் மாறியது. சேது படியிறங்கிப் போகும்வரை வாயைத் திறக்கவில்லை.

"அக்கா, அந்த ரெஃப்ரிக்கு என்ன?"

"குதிகால் வலி. ஏன், உனக்குத் தெரியுமா?"

"அவருதான் எங்களத் தோக்கடிச்சாரு."

அவன் சொல்லச் சொல்ல லோகேஸ்வரி கையிலிருந்த வேலையை நிறுத்திவிட்டாள். போன வருடத்துத் தோட்டக் கிண்ண இறுதியாட்டம். ஈஜோக்கும் புக்கிட் பெலிம்பிங்கும் மோதின. வெல்லும் அணி மாநில அளவுக்குப் போகும். மாநிலப் பயிற்சியாளர்கள் பார்க்க வருவார்கள் என்று சரண் ஒரு வருடம் அதையே நினைத்துக்கொண்டு பழகியிருந்தான். கோல் எதுவும் விழவில்லை. ஆட்டம் முடிய மூன்று நிமிடம் இருந்தபோது எதிரணி பந்தை நீளமாக அடித்தது. ஒருவன் பெட்டிக்குள் நுழைந்தான், விழுந்தான். கூட்டம் அலறியது. விசில் கேட்டது. பெனால்ட்டி. சரண் வலப்பக்கம் பாய்ந்தான், பந்து இடப்பக்கம் போனது.

"நம்ம ஆளு அவனத் தொடவே இல்லக்கா. எனக்கு மூணடியில நடந்துச்சு, நான் பாத்தேன். ரெஃப்ரி எங்க நின்னாரு தெரியுமா? நடு வட்டத்துல."

"அப்புறம்?"

"நாங்கெல்லாம் கூடாரத்துல அழுவுறோம். ஒருத்தன் பூட்ஸத் தூக்கி அடிக்கிறான். அப்ப இவரு உள்ள வராரு. பசங்க அடிக்கப் போயிட்டானுங்க. இவரு ஒதுங்கல. நொண்டிக்கிட்டே நடுவுல வந்து நின்னாரு."

சேது அன்று சொன்னதைச் சரண் ஒரு சொல் விடாமல் நினைவில் வைத்திருந்தான். "தம்பிங்களா, அத நான் பாக்கல. நாப்பது மீட்டர் தள்ளி இருந்தேன். எனக்குக் குதிங்கால் வலி. இத்தன நாளா மறைச்சிட்டேன். ஓட முடியல. கூட்டத்தோட சத்தத்த வச்சு ஊதிட்டேன். முடிவ மாத்த எனக்கு அதிகாரம் இல்ல. ஆனா உங்களுக்குத் தெரியணும்."

அடிக்க ஓங்கிய கைகள் என்ன செய்வதென்று தெரியாமல் இறங்கிவிட்டனவாம்.

"அதுக்கப்புறம் அவர்மேல கோவப்படக்கூட முடியலக்கா," என்றான் சரண். "அதுதான் எனக்குப் பெரிய கோவம்."

மறுநாளே சேது காற்பந்துச் சங்கத்துக்குக் கடிதம் எழுதி, தன்னை ஆட்டங்களிலிருந்து விலக்கி வைக்கும்படி கேட்டிருக்கிறார். சங்கச் செயலாளர் கணேஸ்வரன் வீடு தேடி வந்தார். "விடுங்கண்ணே, தப்பு பண்ணாத ரெஃப்ரி எங்க இருக்கான்?" அதற்கு சேது சொன்ன பதிலை இந்த வட்டாரமே இப்போது சொல்லிக்கொண்டிருக்கிறது.

"தப்பாப் பாத்தா தப்பு. பாக்காம ஊதுனா பொய்."

சரண் போனபிறகு லோகேஸ்வரி வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தாள். இழுப்பு தெரிந்ததிலிருந்து முப்பது வினாடியா என்று கேட்ட மனிதரை அவளுக்கு இப்போது புரிந்தது. புரிந்ததும் லேசாகப் பயமாகவும் இருந்தது. இவ்வளவு நேர்மையான ஒருவருக்கு, குணமாகும் என்று தான் வாய்கூசாமல் வாக்குக் கொடுத்துவிட்டோமே என்ற பயம்.

இருவரும் சந்திக்காதபடி அடுத்த செவ்வாய்க்கிழமை நேரத்தை மாற்றி வைத்தாள். ஆனால் சேது எங்கே போனாலும் கால் மணி நேரம் முன்னதாகப் போகிறவர். சரண் கட்டிலில் படுத்து முழங்காலை நீட்டி மடக்கிக்கொண்டிருந்தபோதே வந்துவிட்டார். அவனைப் பார்த்துத் தலையை அசைத்தார். சுவரில் கையூன்றிக் காலை நீட்டினார். விசிறி மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது.

சரண்தான் முதலில் பேசினான். "இவ்வளவும் எதுக்கு அங்கிள்? அம்பது ஆவப் போவுது. வீட்ல ஒக்காந்து டிவில மேட்ச் பாக்கலாமே?"

முப்பது வினாடி முடியும்வரை சேது பதில் சொல்லவில்லை. பிறகு காலை மாற்றி வைத்துக்கொண்டே சொன்னார். "அன்னிக்கு நான் நின்ன எடத்த இனி நகத்த முடியாது தம்பி. அடுத்ததயாவது பக்கத்துல போயி நின்னு பாக்கணும்ல?"

சரண் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான். அன்று இவர் மன்னிப்புக் கேட்கவுமில்லை, அவன் கொடுக்கவுமில்லை. இருவரும் அவரவர் எண்ணிக்கையை எண்ணி முடித்துவிட்டுப் போனார்கள்.

ஐந்தாவது மாதம் கோயில் திருவிழா வந்தது. தேர் புறப்பட்டதும் சேதுவால் வாசலில் நிற்க முடியவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு, வெயிலில் கொதித்த தார்ச்சாலையில் மூன்று மைல் தேருக்கு முன்னால் நடந்துவிட்டார். மறுநாள் காலை பழைய ஆணி பழைய இடத்திலேயே அடித்தது. திங்கட்கிழமை மாடியேறி வந்தபோது மறுபடி பக்கவாட்டாக, ஒவ்வொரு படியாக, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு வந்தார்.

"எனக்கு நானே செவப்பு அட்ட காட்டிக்கிட்டேம்மா."

"செருப்புப் போட்டுக்கிட்டுப் போயிருக்கலாமே அங்கிள்?"

"சாமிக்கு முன்னால எப்பிடிம்மா?" குதிகாலைத் தடவிக்கொண்டார். "அடுத்த வருசம் பந்தல்ல ஒக்காந்து மோர் ஊத்துறேன். அதும் சாமிக்குத்தானே."

லோகேஸ்வரி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இந்த மாதிரி ஒரு சறுக்கலில்தான் நோயாளிகள் மொத்தமாகக் கைவிட்டுப் போவார்கள் என்பது அவளுக்கு அனுபவம். ஆறுதலாக என்ன சொல்லலாம் என்று தேடிக்கொண்டிருந்தபோதே, சேது துண்டை எடுத்துப் பாதத்தில் மாட்டிவிட்டார். "இன்னிக்கு மொத நாளுன்னு வச்சுக்குவோம்," என்றார். ஐந்து மாத உழைப்பு போய்விட்டதே என்று முகத்தில் ஒரு சுளிப்புக்கூட இல்லை. அவள் அவருடைய கடிகாரம் ஓடும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றாள்.

அதற்குப் பிறகு மூன்று மாதம் சென்ற ஒரு காலையில் மாலா அழைத்தார். அன்று கட்டிலிலிருந்து இறங்கிக் காலை ஊன்றிய சேது அப்படியே நின்றுவிட்டாராம். பிறகு கட்டிலில் ஏறி உட்கார்ந்து, மறுபடி இறங்கினாராம். மறுபடியும் ஏறினாராம்.

"எறங்குறாரு, ஏறுறாரு, எறங்குறாரு. சின்னப் புள்ளயா இவரு?" மாலாவின் குரல் சிரிப்பில் ஆரம்பித்துப் பாதியில் உடைந்தது. "ஆணி இல்லியாம்மா. தேடிப் பாக்குறாராம், இல்லியாம்."

அந்த வாரம் வந்தபோது சேது கேட்டார். "அப்ப முள்ளு போயிருச்சாம்மா?"

"இல்ல அங்கிள். அது அங்கேயேதான் இருக்கும். உங்கள ஒண்ணும் செய்யாது."

"இருந்துட்டுப் போவட்டும்," என்றார் சேது. "அதும் பத்தொம்பது வருசம் ஒழச்சதுதானே."

ஓட்டத்தை ஒரு நிமிடத்திலிருந்து ஆரம்பித்தார்கள். ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை. பிறகு இரண்டு, பிறகு ஐந்து. ஆலைக்கு வெளியே செம்பனை வரிசைகளுக்கு நடுவே போகும் மண்பாதையில், மாலை வேலை முடிந்ததும், புதிய சப்பாத்தைக் கட்டிக்கொண்டு ஓடினார். நடுவர்களுக்கான உடல்தகுதிச் சோதனைக்குப் பெயர் கொடுத்தபோது சங்கத்தில் சிலர் சிரித்தார்கள். கணேஸ்வரன் சிரிக்கவில்லை.

சோதனை நடந்த காலையில் லோகேஸ்வரி மாலாவோடு அரங்கத்தின் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தாள். ஓட்டமும் நடையுமாக நாற்பது தடவை. ஒவ்வொரு விசிலுக்குள்ளும் குறித்த கோட்டைத் தாண்டியாக வேண்டும். மற்றவர்கள் எல்லாரும் இருபதுகளிலும் முப்பதுகளிலும் இருந்தார்கள். பத்தாவது சுற்றுக்குப் பிறகு மாலா கண்ணை மூடிக்கொண்டார். லோகேஸ்வரி சேதுவின் முகத்தைப் பார்க்கவே இல்லை. அவளுடைய கண் முழுக்க அவருடைய வலது குதிகாலில்தான் இருந்தது.

குதிகால் மண்ணைத் தொட்டது. பாரம் பாதத்தின்மேல் உருண்டு விரலுக்குப் போனது. விரல் மடங்க மடங்க, உள்ளே அந்த நாண் இறுகி, வளைவைத் தூக்கி, மொத்த மனிதரையும் முன்னுக்கு எறிந்தது. மறுபடி குதிகால். படித்த புத்தகத்தில் படமாகவும் அம்புக்குறியாகவும் இருந்தது இங்கே வியர்வையோடும் மூச்சோடும் ஓடிக்கொண்டிருந்தது. உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் ஓர் எலும்பு. அதில் நைந்துபோன இடத்தை உடம்பு எட்டு மாதத்தில் ஒவ்வொரு நாராகத் தைத்து எடுத்திருக்கிறது. அவள் செய்ததெல்லாம் வழி சொன்னது மட்டும்தான். கண் கலங்கியது ஏன் என்று அவளால் சொல்ல முடியவில்லை.

முப்பத்தைந்தாவது சுற்றில் சேதுவின் முகம் சாம்பலாகிவிட்டது. நாற்பதாவது சுற்றில் சோதனை நடத்தியவரின் விசில் வாய்க்குப் போகும்போது அவர் கோட்டைத் தாண்டி ஒரு கால் வைத்திருந்தார். இளம் நடுவர்கள் திரும்பி வந்து அவரைச் சுற்றிக்கொண்டு கைதட்டினார்கள். அவர் இரண்டு முழங்காலிலும் கையூன்றிக் குனிந்து நின்றார். மாலா கண்ணைத் திறந்து, "முடிஞ்சிச்சா?" என்று கேட்டார்.

அவர் மீண்டும் விசில் பிடித்த மூன்றாவது ஆட்டம் புக்கிட் பெலிம்பிங் திடலில் நடந்தது. பிற்பகல் முழுக்க மழை பெய்து அப்போதுதான் விட்டிருந்தது. திடலில் புல்லைவிடச் சேறுதான் அதிகம். ஆடிய இரண்டு அணிகளில் ஒன்று ஈஜோக். சரண் முழங்காலில் பட்டையைக் கட்டிக்கொண்டு கோலுக்குள் நின்றான். காற்பந்து ஆட்டத்தை நேரில் வந்து பார்ப்பது லோகேஸ்வரிக்கு அதுதான் முதல்முறை. சரண் நின்ற கோலுக்குப் பின்னால் குடையோடு இடம்பிடித்திருந்தாள்.

எழுபதாவது நிமிடம். எதிரணியின் நடுக்களத்தில் ஒருவன் பந்தை முன்னுக்குத் தட்டினான். இன்னும் யாரும் கோலைப் பார்த்து அடிக்கவே இல்லை. அதற்குள் சேது ஓடத் தொடங்கிவிட்டதை அவள் பார்த்தாள். பந்து ஒருவனிடமிருந்து இன்னொருவனுக்குப் போனது. அவன் இருபது மீட்டரிலிருந்து ஓங்கி அடித்தான். பந்து மேல்கம்பத்தில் மோதி நேராகக் கீழே விழுந்தது, தெறித்தது. சரண் பின்னால் பாய்ந்து அதை இரண்டு கையாலும் வெளியே வாரினான்.

கோடு தாண்டியதா, இல்லையா? கோட்டின்மேல் பூசிய சுண்ணாம்பு மழையில் பாதி கரைந்திருந்தது. திடல் முழுக்க ஒரே கூச்சல். ஒரு பாதி கையைத் தூக்கியது, மறுபாதி இல்லை இல்லை என்று ஆட்டியது.

சேது விசிலை ஊதினார். கை நடு வட்டத்தைக் காட்டியது. கோல்.

ஈஜோக் ஆட்டக்காரர்கள் ஓடிவந்து அவரைச் சூழ்ந்துகொண்டார்கள். ஒருவன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு முகத்துக்கு முகம் நின்றான். "இவரா? இவரப் பத்தித் தெரியாதா நமக்கு?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. லோகேஸ்வரி குடையைக் கீழே போட்டுவிட்டாள்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு சரண் வந்தான். தலையிலிருந்து முட்டிவரை சேறு. மூச்சு வாங்கியது. சேதுவுக்கு எதிரே, ஒரு கை தூரத்தில் நின்றான்.

"பாத்தீங்களா?"

அவ்வளவுதான் கேட்டான்.

சேது விசிலை வாயிலிருந்து எடுத்து, ஆள்காட்டி விரலைக் கீழே நீட்டினார். கோல்கம்பத்தின் அடியில், கோட்டிலிருந்து ஒரு முழம் தள்ளி, அவருடைய இரண்டு காலடிகள் இருந்தன. ஓடிவந்து சடக்கென்று நின்ற கால்கள் அவை. வலது குதிகால் ஊன்றிய இடம் ஈர மண்ணில் கிண்ணம்போல ஆழமாகக் குழிந்திருந்தது. அதில் அப்போதுதான் தண்ணீர் ஊறிக்கொண்டிருந்தது.